கழுவக் கழுவ வெளுக்கும் கார்

ஷைனியின் வீட்டில் ஒரு சிவப்புக் கார் இருந்தது. அதற்கு வயது எட்டு. ஷைனிக்கு வயது பத்து. ஆகவே கார் அவளுக்குத் தம்பி முறை. அந்தத் தம்பிக்கு இந்த வருடம் நரைத்துவிட்டது!

காருக்கு எப்படி நரைக்கும் என்று கேட்பீர்கள். முன்னும் பின்னும் இருக்கும் பம்பர், சக்கரத்துக்கு மேலே வளைந்து போகும் பட்டை, கதவோரமாக ஓடும் பட்டை, பக்கக் கண்ணாடிகளின் மூடி, இதெல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக். வாங்கிய புதிதில் கருகருவென்று இருந்தது. இப்போது யாரோ சாம்பலை அள்ளிப் பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. சிவப்பு மட்டும் பளபளவென்று இருந்ததால், வெளுப்பு இன்னும் நன்றாகவே தெரிந்தது.

"ஏலே, நரைச்ச காரு வருது, ஒதுங்குங்கலே!" என்று தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் கத்துவார்கள். ஷைனிக்குக் கோபம் கோபமாக வரும்.

ஷைனியின் அப்பா பெயர் ஸ்தனிஸ்லாஸ். பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியர். எந்தக் கோட்டையை யார் எந்த வருடம் பிடித்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கார் டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று கேட்டால் மட்டும், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். யார் என்ன சொன்னாலும் அவர் கேட்கும் ஒரே கேள்வி, "ஆதாரம் எங்க?"

தெருமுனையில் ஜமால் முகமது கார் சாமான் கடை வைத்திருந்தார். சீட் கவர், மிதியடி, ஹாரன், பாலிஷ் எல்லாம் அங்கே கிடைக்கும். அவருடைய சின்ன மகள் ஃபாயிஸாவும் ஷைனியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பெரிய மகள் சர்புன்னிசா ஒரு காலத்தில் அப்பாவின் மாணவி. அவள் பத்தாம் வகுப்பில் வரலாற்றில் நூறு மதிப்பெண் வாங்கியபோது அப்பா மகிழ்ந்துபோய், "உன் கல்யாணத்துக்கு என் காருதாம்மா!" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

இதோ, கல்யாணம் வந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை. நிக்காஹ் முடிந்ததும் பொண்ணையும் மாப்பிள்ளையையும் நத்தத்தில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு அப்பாதான் காரில் கூட்டிப்போக வேண்டும். நரைத்த காரில் கல்யாணப் பெண்ணை எப்படி ஏற்றுவது? அதற்காகத்தான் அப்பா ஜமால் முகமதுவின் கடையில் கறுப்பு பாலிஷ் ஒரு பாட்டில் வாங்கினார். வினையும் அந்தப் பாட்டிலில்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா பாட்டிலும் கையுமாகக் கடைக்குப் போனார். ஷைனியும் கூடவே போனாள்.

"பாய், இது மூணாவது தடவை. பூசுன அன்னைக்குக் கறுப்பா இருக்கு. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா பழையபடி வெள்ளை. இது என்ன பாலிஷு?" என்றார் அப்பா.

"சார், இதே பாலிஷத்தான் என் லோடு வண்டிக்கும் பூசியிருக்கேன். ஆறு மாசமா அப்படியே இருக்கு. நீங்க சுத்தமா துடைக்காமப் பூசியிருப்பீங்க" என்றார் ஜமால் முகமது.

"துடைக்காமயா? நான் தினமும் கழுவுறேன் பாய்! ஒரு நாள் விடாம!"

"தினமும் கழுவுற வண்டி இப்படி வெளுக்குமா சார்? பொய் சொல்லாதீங்க."

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "நானா பொய் சொல்றேன்? நீங்கதான் போலிச் சரக்கக் குடுத்து ஏமாத்திட்டீங்க!"

"ஏமாத்துறேனா? இருபது வருஷமா இந்தக் கடைய நடத்துறேன் சார். யாரும் என்னை இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல!"

"அப்ப ஞாயித்துக்கிழமைக்கு வேற வண்டி பாத்துக்கங்க!"

"பாத்துக்கிறோம் சார்!"

அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். பின்னால் ஓடிவந்த ஷைனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடை வாசலில் நின்ற ஃபாயிஸா அவளைப் பார்த்துக் கையசைக்கவே இல்லை.

மறுநாள் வகுப்பில் ஃபாயிஸா தன் புத்தகப் பையைத் தூக்கிப் பெஞ்சின் நடுவில் வைத்தாள். இந்தப் பக்கம் ஷைனி, அந்தப் பக்கம் அவள்.

"உங்க அப்பா எங்க அத்தாவ ஏமாத்துக்காரர்னு சொன்னாருல்ல? அத்தா ராத்திரி சோறே திங்கல. அக்கா அழுதுக்கிட்டே இருக்கு" என்றாள் ஃபாயிஸா.

"உங்க அத்தா மட்டும் எங்க அப்பாவப் பொய் சொல்றாருன்னு சொல்லலாமா?" என்றாள் ஷைனி.

மதியம் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் தனித்தனியாகத் திறந்தார்கள். ஷைனி தயிர்சாதத்தைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து யோசித்து யோசித்துப் பார்த்தாள். அப்பா பொய் சொல்ல மாட்டார். அவர் தினமும் கார் கழுவுவதை அவளே பார்க்கிறாள். ஜமால் மாமாவும் பொய் சொல்ல மாட்டார். ஒருமுறை அவள் கடையில் மறந்து வைத்துவிட்டு வந்த குடையை, மழையில் நனைந்துகொண்டே கொண்டுவந்து கொடுத்தவர் அவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்றால், கார் மட்டும் எப்படி வெளுக்கும்? தலை சுற்றியது.

முதலில் சாக்பீஸ் மீதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அப்பாவின் கையில் எப்போதும் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும். அந்தக் கையோடு காரைத் தொட்டால்? புதன்கிழமை சாயங்காலம் அப்பா உள்ளே வருவதற்குள் சோப்பும் மக்குமாக வாசலில் போய் நின்றாள்.

"அப்பா, கையக் கழுவுங்க."

அப்பா கழுவினார்.

"இன்னொரு தடவை."

"என்ன அப்பு, எனக்குக் காய்ச்சலா, உனக்குக் காய்ச்சலா?" என்று கேட்டபடி அப்பா இன்னொரு முறையும் கழுவினார். மகளை அவர் செல்லமாக அப்பு என்றுதான் கூப்பிடுவார். மறுநாள் காலையிலும் கார் வெள்ளையாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பேச்சாயி அக்கா, "தேங்காயெண்ணெயத் தடவிப் பாரு தாயி. என் தலைமுடியப் பாத்தியா, எப்படி இருக்குன்னு?" என்றார். ஷைனி வலது பக்கக் கண்ணாடி மூடிக்கு மட்டும் தடவினாள். ஆகா, கருகருவென்று மின்னியது! ஷைனி குதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் தெருப்புழுதி முழுவதும் அதில் அப்பிக்கொண்டிருந்தது. வெள்ளையாக இருந்தது செம்மண் நிறமாகிவிட்டது. போதாததற்கு, பேச்சாயி அக்காவின் ஆட்டுக்குட்டி முன்னங்காலைக் கதவில் ஊன்றிக்கொண்டு அதை நக்கிக்கொண்டிருந்தது.

"ச்சூ! போ அங்கிட்டு!"

ஆட்டுக்குட்டி போகவில்லை. ஷைனிதான் அதைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, ஜமால் மாமாவின் லோடு வண்டி கடைக்கு வெளியே நின்றது. அவர் உள்ளே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ஷைனி மெதுவாகப் பக்கத்தில் போனாள். வண்டி முழுக்க ஒரு விரல் கனத்துக்குத் தூசி. அதன் முகத்தைக் கழுவி ஆறு மாதம் இருக்கும்போல. ஷைனி பம்பரின் மேல் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தாள்.

தூசிக்கு அடியில் பம்பர் கறுப்பாக இருந்தது. நல்ல கறுப்பு!

ஷைனி தன் விரலைப் பார்த்தாள். பம்பரைப் பார்த்தாள். கழுவாத வண்டி கறுப்பாக இருக்கிறது. தினமும் கழுவுகிற கார் வெள்ளையாக இருக்கிறது. உலகமே தலைகீழாக ஓடுகிறதா? இதுவரை இருந்த குழப்பம் போதாதென்று இது வேறு!

ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. ஜமால் மாமா சொன்னது உண்மை. அதை ஃபாயிஸாவிடம் சொல்லாமல் இருக்க ஷைனியால் முடியவில்லை. அப்பா தன்மேல் வருத்தப்படுவாரோ என்று ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு கடைக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் வீட்டு வாசலுக்கு ஓடினாள்.

பந்தல்காரர்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபாயிஸா படியில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"உங்க அத்தா பொய் சொல்லல. நானே தொட்டுப் பாத்தேன்" என்று தூசி படிந்த விரலை நீட்டினாள் ஷைனி.

ஃபாயிஸாவின் முகம் மலர்ந்தது. மறுநொடியே சுருங்கியது. "அப்ப உங்க அப்பாதான் பொய் சொல்றாரா?"

"அதுவும் இல்ல."

"பின்ன?"

"அதான் எனக்குத் தெரியல."

ஃபாயிஸா யோசித்தாள். "எனக்கும் தெரியல" என்றாள். பிறகு நகர்ந்து படியில் இடம் விட்டாள். தனியாகக் குழம்பிக்கொண்டிருந்த ஷைனிக்கு, கூடச் சேர்ந்து குழம்ப ஓர் ஆள் கிடைத்ததே பெரிய நிம்மதியாக இருந்தது.

"உங்க வண்டிய ஏன் கழுவ மாட்டீங்க?" என்று கேட்டாள்.

"கடையில குழாய் இல்லடி. பின்னாடி வீட்டுல இருந்து யாரு தண்ணி தூக்குறது? அத்தா துணிய வச்சுத் தட்டுறதோட சரி. மழை பேஞ்சாத்தான் அதுக்குக் குளியல்."

சனிக்கிழமை காலை. கோபமாக இருந்தாலும் அப்பா பழக்கத்தை விடவில்லை. வாளியும் மக்குமாகக் காரைக் கழுவ வந்துவிட்டார். ஷைனி வாசற்படியில் உட்கார்ந்து அவரைவிடக் கவனமாகக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா வாளியில் எடுத்துவந்தது சமையலறை டிரம்மில் இருந்த தண்ணீர். அவர்கள் வீட்டில் தண்ணீர் மூன்று வகை. வாரத்துக்கு ஒரு நாள் தெருக்குழாயில் வருவது நல்ல தண்ணீர். அதை அம்மா குடங்களில் பிடித்து, வெள்ளைத் துணி கட்டி, தங்கம்போல் பாதுகாப்பார். ஆழ்துளைக் கிணற்றில் இருந்து வருவது உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க எல்லாம் அதுதான். மூன்றாவது, டிரம் தண்ணீர்.

அது எப்படி வந்தது என்றால், ஜூன் மாதம் அம்மா ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்கினார். உப்புத் தண்ணீரை உள்ளே விட்டால், ஒரு குழாயில் நல்ல தண்ணீர் மாதிரியே குடிக்கிற தண்ணீர் வரும். இன்னொரு குழாயில் மிச்சத் தண்ணீர் வெளியே போகும். அம்மா கிளாரா தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர். பசை போன தபால்தலையைக்கூட வீணாக்க மாட்டார். மிச்சத் தண்ணீரை விடுவாரா? குழாய்க்கு அடியில் ஒரு டிரம்மை வைத்துவிட்டார்.

"மெஷினுக்குள்ள போயிட்டு வர்ற தண்ணி. பாதி சுத்தமாவது இருக்கும். காரு கழுவ இதையே எடுத்துக்கங்க" என்று அன்றே அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பாவும் அன்று முதல் அப்படித்தான் செய்கிறார்.

காரைக் கழுவி முடித்த அப்பா, சிவப்புப் பகுதியையும் கண்ணாடியையும் மட்டும் துணியால் துடைத்தார். "மத்தது வெயில்ல தானாக் காஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஷைனி போகவில்லை. பம்பரின் மேல் ஒரு பெரிய சொட்டு நின்றது. அதையே கண்கொட்டாமல் பார்த்தாள்.

வெயில் ஏறியது. சொட்டு சிறிதானது. இன்னும் சிறிதானது. மறைந்தே போனது. அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வளையம் இருந்தது!

ஷைனி துள்ளி எழுந்தாள். காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். வளையம், வளையம், வளையம். ஒன்றின்மேல் ஒன்றாக ஆயிரம் வளையங்கள். கதவுப் பட்டையில் தண்ணீர் வழிந்த தடம்கூட வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. ஆனால் தண்ணீர் கண்ணாடி மாதிரித்தானே இருந்தது? அதற்குள் வெள்ளை எங்கே ஒளிந்திருந்தது?

சமையலறைக்கு ஓடினாள். டிரம்மின் விளிம்பிலும் அதே வெள்ளை.

"அம்மா, இந்த மெஷினு தண்ணியில இருந்து உப்பப் பிரிச்சு எடுக்குதுல்ல?"

"ஆமா."

"எடுத்த உப்ப எங்கம்மா வைக்குது?"

வெஞ்சனத்துக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "எங்க வைக்கும்? உள்ள ஃபில்டர்ல எங்கிட்டாவது வைக்கும்."

"ஜூன் மாசத்துல இருந்து எடுத்த அம்புட்டு உப்பையுமா?"

அம்மா மெஷினைப் பார்த்தார். அது சுவரில் சமர்த்தாகத் தொங்கியது. ஒரு படி உப்பு வைக்கக்கூட அதற்குள் இடம் இருப்பதாகத் தெரியவில்லை. "போடி, நீ குழம்புறது போதாதுன்னு என்னையும் குழப்பாத" என்று அம்மா மறுபடி வெங்காயத்தை எடுத்தார்.

அந்த நேரத்தில் வாசலில், "ஷைனி!" என்று குரல் கேட்டது. ஃபாயிஸா வந்திருந்தாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை ஈர மருதாணி. கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போலீஸில் சரணடைய வந்தவள்போல் நின்றாள்.

"வீட்டுல அம்புட்டுக் கூட்டம். நான் வந்ததே யாருக்கும் தெரியாது. செத்த நேரத்துல போயிரணும். ஏதாவது தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்ச மாதிரி இருக்கு. ஆனா ஆதாரம் வேணும். எங்க அப்பாவப் பத்தி உனக்குத்தான் தெரியுமே."

ஆதாரத்துக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் வேண்டும். அதற்கு அந்த வீட்டில் பஞ்சமே இல்லை. பிரியாணி பார்சல் வாங்கும்போதெல்லாம் வரும் கறுப்பு டப்பாக்களைக் கழுவி, அலமாரியில் அடுக்கடுக்காக வைத்திருந்தார் அம்மா. ஷைனி மூன்று டப்பாக்களை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். கவிழ்த்து வைத்தாள். முதல் டப்பாவின்மேல் குடத்து நல்ல தண்ணீர், இரண்டாவதில் குழாயின் உப்புத் தண்ணீர், மூன்றாவதில் டிரம் தண்ணீர். எல்லாவற்றிலும் ஐந்தைந்து சொட்டு.

"எனக்கும் ஒரு சொட்டு விடணும்போல இருக்குடி!" என்று ஏங்கினாள் ஃபாயிஸா.

"மருதாணி அழிஞ்சா உங்க அம்மா என்னையத்தான் திட்டுவாங்க. நீ காக்கா வராமப் பாத்துக்க."

"கைய வீசாம எப்படி வெரட்டுறது?"

"வாயால வெரட்டு."

ஒரு காக்கா வந்தது. ஃபாயிஸா போட்ட சத்தத்தில் அதோடு கீழே நின்ற பேச்சாயி அக்காவின் ஆட்டுக்குட்டியும் மிரண்டு ஓடியது.

அரை மணி நேரத்தில் சொட்டுகள் காய்ந்துவிட, இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். நல்ல தண்ணீர் டப்பாவில் உற்றுப் பார்த்தால்தான் ஏதோ தடம் தெரிந்தது. உப்புத் தண்ணீர் டப்பாவில் மங்கலாக ஐந்து வளையங்கள். டிரம் தண்ணீர் டப்பாவில் ஐந்து வட்டங்கள், சாக்பீஸால் வரைந்தவைபோல வெள்ளை வெளேரென்று!

"காரு மாதிரியே இருக்கு!" என்றாள் ஃபாயிஸா.

"அப்ப மெஷினு எடுத்த உப்பெல்லாம் டிரம்முக்குத்தான் வந்திருக்கு" என்றாள் ஷைனி. நாலு நாள் குழப்பம் ஒரே நொடியில் தீர்ந்தது. கைதட்டப் போனவள், தட்டாமல் நின்றுவிட்டாள். ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று டிரம் வைத்தது அம்மா. தினமும் கழுவியது அப்பா. இதைக் கேட்டால் இருவருக்கும் எப்படி இருக்கும்?

அப்பா சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஷைனி மூன்று டப்பாக்களையும் அவர்முன் வரிசையாக வைத்தாள்.

"என்ன அப்பு, பிரியாணியா?"

"ஆதாரம்ப்பா."

நடந்ததை எல்லாம் சொன்னாள். அப்பா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். மூன்றாவது டப்பாவை விரலால் தேய்த்தார். வெள்ளைத் தூள் விரலில் ஒட்டியது. சத்தம் கேட்டு வந்த அம்மாவும் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளா காரை வெளுக்க வச்சது நான்தானா?" என்று அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இல்லம்மா" என்று ஷைனி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ தண்ணிய வீணாக்காமச் சேத்து வச்ச. அப்பா ஒரு நாள் விடாமக் கழுவுனாங்க. ஜமால் மாமா நல்ல பாலிஷத்தான் குடுத்தாங்க. மூணு பேரும் நல்லதுதான் செஞ்சீங்க. மூணு நல்லதும் ஒரே கார்ல போய் முட்டிக்கிருச்சு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. வாசலில் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற ஃபாயிஸாவைப் பார்த்தார். பிறகு மூன்றாவது டப்பாவை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். ஷைனியும் ஃபாயிஸாவும் பின்னாலேயே ஓடினார்கள்.

ஜமால் முகமது கடைவாசலில் பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அப்பாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். அப்பா டப்பாவை நீட்டி விஷயத்தைச் சொன்னார். வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவர் அன்று இரண்டே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்.

"பாலிஷ் நல்ல பாலிஷுதான் பாய். உங்களப் போய் ஏமாத்துறீங்கன்னு சொல்லிட்டேன். தப்பு என்மேலதான்."

ஜமால் முகமது டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்மேலயும்தான் சார். இருபது வருஷம் கடை நடத்தி என்ன பண்ண? எந்தத் தண்ணில கழுவுறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. உப்புப் படலத்துக்கு மேல பூசுனா எந்தப் பாலிஷும் நிக்காது. பொய்யின்னு வேற சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அப்ப நாளைக்கு..." என்று இழுத்தார் அப்பா.

"வேற வண்டி எங்க சார் பாத்தோம்? அக்கா விடவே இல்ல. சார் வருவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு" என்றாள் ஃபாயிஸா முந்திக்கொண்டு.

அப்பா வேகமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை கண்ணாடியோடு கண்ணையும் சேர்த்துத் துடைத்தார்.

அன்று மத்தியானமே வேலை தொடங்கியது. காரை வேப்பமர நிழலுக்குத் தள்ளினார்கள். உப்புப் படலத்தை எப்படி எடுப்பது என்று எல்லாரும் யோசித்தபோது அம்மாதான் சொன்னார்: "குழாயில உப்புப் படிஞ்சா எலுமிச்சந்தோலப் போட்டுத்தான் தேய்ப்பேன். பளிச்சுன்னு ஆயிரும்."

கல்யாண வீட்டில் விருந்தாளிகளுக்கு சர்பத் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிழிந்த எலுமிச்சந்தோல் ஒரு கூடை நிறைய வந்தது. ஷைனி பழைய பல்துலக்கியை வைத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்தாள். மருதாணி காய்ந்து கையைக் கழுவிய ஃபாயிஸாவும் சேர்ந்துகொண்டாள். தெருப் பையன்கள் கிரிக்கெட்டை விட்டுவிட்டு வந்து ஆளுக்கொரு தோலை எடுத்துக்கொண்டார்கள். தெருவே சர்பத் வாசனை அடித்தது.

தேய்த்ததை அலச வேண்டும். எந்தத் தண்ணீரில்? எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது அம்மா இடுப்பில் ஒரு குடத்தோடு வந்தார். வாயில் வெள்ளைத் துணி கட்டிய குடம்.

"கிளாரா, இது நல்ல தண்ணி!" என்றார் அப்பா பதறிப்போய்.

"தெரியும். கல்யாணப் பொண்ணு ஏறுற வண்டி. ஊத்துங்க" என்று அம்மா துணியை அவிழ்த்தார்.

நன்றாக அலசி, ஒரு சொட்டு விடாமல் துடைத்துக் காயவைத்தார்கள். பிறகு ஜமால் முகமது சின்னப் பஞ்சில் பாலிஷை நாலே சொட்டு விட்டு, பட்டையில் மெல்லியதாக இழுத்தார். "நிறையப் பூசக்கூடாது பாப்பா. கொஞ்சமாப் பூசி, கொஞ்ச நேரம் விட்டு, மிச்சத்தத் துடைச்சிரணும்" என்றபடி பஞ்சை ஷைனியிடம் கொடுத்தார். ஷைனி பூசப் பூச, சாம்பல் போய்க் கறுப்பு எழுந்தது. வெயிலில் நின்று நின்று நிஜமாகவே வெளுத்த பம்பர் முனைக்கு மட்டும் இரண்டாவது கை பூச வேண்டியிருந்தது.

சாயங்காலம் கார் புதிதாக வந்ததுபோல் நின்றது. "ஏலே, காருக்கு வயசு கொறஞ்சிருச்சுலே!" என்றான் ஒரு பையன்.

டிரம் தண்ணீர் இனிமேல் கழிவறைக்கு மட்டும்தான் என்று அம்மா ஒரு சீட்டு எழுதி டிரம்மில் ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் முடிந்தது. அப்பா புதுச்சட்டை போட்டுக்கொண்டு காரைக் கல்யாண வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கறுப்பும் சிவப்புமாகக் கார் மின்னியது. சர்புன்னிசா தன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஃபாயிஸாவும் அழுதாள். அதைப் பார்த்து ஷைனிக்கும் கண் கலங்கியது. எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், கொடைரோட்டில் இருந்து வந்திருந்த ஒரு விருந்தாளி, கார்மேல் ஒரு கைப்பிடித் தூசி இருப்பதைக் கண்டார். உதவி செய்கிற நல்ல மனசு அவருக்கு. வீட்டுக் குழாயடிக்குப் போய் ஒரு வாளி உப்புத் தண்ணீரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பொண்ணு ஏறுற வண்டி தூசியா இருக்கலாமா? இந்தா, ஒரு வாளி ஊத்தி..."

"தண்ணி வேண்டாம்!"

ஷைனி, ஃபாயிஸா, அப்பா, அம்மா, ஜமால் முகமது, ஐந்து பேரும் ஒரே குரலில் கத்திய கத்தலில் பந்தலே ஆடிப்போனது. அழுதுகொண்டிருந்த சர்புன்னிசா முக்காட்டுக்குள் இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காரில் ஏறினாள். கார் நத்தம் சாலையில் திரும்பி மறையும் வரை அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வாளியோடு நின்ற அந்த மனிதர் மட்டும், காரைக் கழுவ வந்தது ஒரு குற்றமா என்று தெரியாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஷைனி அவர் கையைப் பிடித்து நிழலில் உட்காரவைத்தாள். ஃபாயிஸா ஒரு கறுப்பு டப்பா கொண்டுவர உள்ளே ஓடினாள்.